சாமி காசுக்கு கணக்கு

அம்மா செக்கப்புக்காக ரெண்டு மாசமா ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிட்டு இருக்கேன். பஸ்ல ஏறுனா "ஓமந்தூரார் ரெண்டு"ன்னு தான் டிக்கெட் கேக்குறோம், அது ஒரு ஊர்க்காரரு பேருன்னு யாருக்கும் தோணுறதில்ல, பக்கத்து சீட்ல ஒரு காலேஜ் தம்பிகிட்ட கேட்டேன், ஏரியா பேரு தானேக்கான்னான்.

திண்டிவனம் பக்கத்துல ஓமந்தூர், அங்க பொறந்த விவசாயி ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்ல இருந்து 1949 ஏப்ரல் வரைக்கும் சென்னை மாகாணத்துக்கு முதல்வர், அப்ப அந்த பதவிக்கு பிரதமர்னு பேரு. நாடு விடுதலையான அன்னிக்கு இங்க ஆட்சில இருந்தது இவரு தான். ரமணர், வள்ளலார் ரெண்டு பேர் மேலயும் அவ்ளோ பக்தி.

எனக்கு இவர புடிச்சதுக்கு காரணமே அந்த பக்தி தான். இவ்ளோ பக்தி இருக்கவரு, கோயில் விஷயம் நமக்கெதுக்கு பாவம்னு ஒதுங்கியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள்ள போக வழி பண்ண 1947 சட்டம் இவரு ஆட்சில தான் வந்துச்சு, பொண்ணுங்களுக்கு கோயில்ல பொட்டு கட்டி தேவதாசியா ஆக்குறத தடுத்த சட்டமும் அதே வருஷம் தான், முத்துலட்சுமி ரெட்டி அம்மா அதுக்காக எத்தன வருஷம் போராடுனாங்கன்னு நெனச்சா கண்ணு கலங்குது. 1948ல ஜமீன் ஒழிப்பு. சாமி எல்லாருக்கும் பொதுன்னு நெஜமாவே நம்புனவரால தான் இதெல்லாம் செய்ய முடியும். இப்படி கறாரா இருந்தா சொந்த கட்சிலயே எதிர்ப்பு வராம இருக்குமா, வந்துச்சு, பதவிய விட்டுட்டு வள்ளலாரோட வடலூருக்கு போயிட்டாரு. நாற்காலிய புடிச்சிட்டு தொங்கல.

இத எழுத காரணம் எங்க ஊர் கோயில் திருவிழா கமிட்டி. நானும் அதுல இருக்கேன். போன வருஷம் வசூல் கணக்கு கேட்டதுக்கு, நெத்தி நெறைய பட்டையும் கழுத்துல கொட்டையுமா இருக்க பெரியவர் ஒருத்தர் "சாமி காசுக்கு கணக்கு கேக்குறியாம்மா, குடும்பத்துக்கு ஆவாது"ன்னாரு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாத நேரம், பயந்துட்டேன், அப்படியே வாய மூடிட்டேன். அந்த பயத்த ஒருத்தர் நம்ம பக்திய வச்சே உண்டாக்குறாரு பாருங்க, அது தான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல. சாமிக்கு பயப்படுறவன் கணக்க மொதல்ல காட்டணும் இல்லையா?

இந்த வருஷம் நோட்டு என் கைக்கு வந்துச்சு. மைக்செட், பந்தல், பூ, கூழுக்கு கேவுரு, மேளக்காரங்களுக்கு குடுத்ததுன்னு ஒண்ணு விடாம எழுதி, வீடு வீடா வாங்குன பணத்தையும் பேரோட எழுதி, திருவிழா முடிஞ்ச மறுநாள் காலைல கோயில் சுவத்துல ஒட்டிட்டேன். அந்த பெரியவர் பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல எதிர் வீட்டு ஆயா கண்ண சுருக்கிட்டு வந்து நின்னுச்சு, "எனக்கு படிக்க தெரியாது, என் அம்பது ரூவா எங்க இருக்கு காட்டு"ன்னுச்சு. கைய புடிச்சு அந்த வரி மேல வெரல வச்சேன், கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்துட்டு தான் எடுத்துச்சு.