பொலிஸ் பயிற்சிக்கு யார் காசு கட்டுவது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நகரப் பொலிஸில் சேர்கிறவர் 2023 வரை பயிற்சிக் கட்டணமாக 15,450 டொலர் கட்ட வேண்டியிருந்தது. ஏல்மரிலுள்ள பொலிஸ் கல்லூரியில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கான காசு அது. ஆள் சேர்ப்பது கடினமாகிப் போக, அந்த ஆண்டு ஏப்ரலில் மாகாண அரசு கட்டணத்தையே எடுத்துவிட்டது. ஜனவரிக்குப் பிறகு படித்தவர்களுக்குக் கட்டிய காசும் திரும்பியது. பக்கத்து கியூபெக்கில் மூன்று ஆண்டு கல்லூரிப் படிப்பு, அதன் பிறகு நிக்கோலேயிலுள்ள பொலிஸ் பாடசாலையில் 15 வாரப் பயிற்சி. அந்தப் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கை மாணவர் கட்டிவந்தார். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்குக் கனடாவில் சொந்தம் இருப்பதால் இந்த ஒப்பீடு எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை.

சேர்கிற பிள்ளையிடம் காசு வாங்குவது பிழை என்பதே என் நிலைப்பாடு. அமெரிக்காவில் 2018 கணக்கின்படி அடிப்படைப் பயிற்சி சராசரியாக 830 மணித்தியாலத்துக்குக் கிட்ட, ஏறக்குறைய 21 வாரம். பல மாநிலங்களில் சொந்தச் செலவில் பயிற்சி முடித்துவிட்டுப் பிறகு வேலை தேடலாம். அங்கே கட்டணத்தைவிடப் பெரிய சுமை, ஐந்து மாதம் வருமானம் இல்லாமல் இருப்பது. கையிருப்பு உள்ளவன் தாங்குவான். மற்றவன் கடன் படுவான், அல்லது விண்ணப்பிக்கவே மாட்டான். காசு கட்டிப் படிக்கிறவனைப் பெயில் ஆக்கப் பயிற்சியாளருக்கும் கை கூசும். எங்கள் ஊரில் என்றால் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகும். அந்த வட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் தெருவில் மோட்டார்சைக்கிளை மறித்து லைசன்ஸ் கேட்பதை நான் விரும்பவில்லை.

இலங்கையில் செலவைத் திறைசேரிதான் கொடுக்கிறது. அது எவ்வளவு என்று பார்க்கப் போகிறவர்கள்தான் வழி தவறுகிறார்கள். வருடாந்த வரவுசெலவு மதிப்பீட்டில் பொலிஸ் திணைக்களத்தின் செலவுத் தலைப்பு இலக்கம் 225. பாராளுமன்ற உறுப்பினர் தொகையும் அதுதான், மறக்காது. அதற்குள் 2401 என்ற குறியீட்டில் ‘பணியாளர் பயிற்சி’ என்றொரு வரி இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். பயிலுநரின் சம்பளம் 1001இல் கிடக்கும், சாப்பாடும் சீருடையும் 1203இல் கிடக்கும். பயிற்றுநரின் சம்பளமும் சம்பள வரிகளுக்குள் கரைந்துவிடும். ஆகவே சிக்கனம் என்று கத்தி விழும்போது முதலில் வெட்டுப்படுவது வெளியில் தெரிகிற 2401. மொழி வகுப்பு, தடயவியல், சேவைக்காலப் பயிற்சி எல்லாம் அதோடு போகும்.

பயிற்சி முடித்துவிட்டு ஓடுகிறவர்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாகப் பல்கலைக்கழகத்தில் ‘பொண்ட்’ (பிணை) வைத்துப் படிக்கப் போனவர்களைத் தெரிந்த ஊர் இது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் ஐந்து ஆண்டுக்குள் விலகும் பொலிஸாரிடம் 8,000 டொலர் வரை திருப்பிக் கேட்டது. ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் அந்தத் தொகை குறைந்துகொண்டு போகும். 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரி என்றது. புளோரிடாவில் இரண்டு ஆண்டு. இதில் பயிற்சிக்காலச் சம்பளத்தைக் கடனில் சேர்க்கக்கூடாது, ஏனென்றால் அந்த நாட்களில் அவர் வேலை செய்திருக்கிறார். கழிவை ஆண்டுக் கணக்கில் வைக்காமல் மாதக் கணக்கில் வைக்க வேண்டும். உதாரணத்துக்கு, 36 மாதப் பிணை, 9 இலட்சம் செலவு என்றால், 20 மாதம் சேவை செய்து விலகுகிறவர் மிச்ச 16 மாதத்துக்கு 4 இலட்சம் கட்டினால் போதும். காயப்பட்டு விலகுகிறவரிடம் ஒரு சதமும் கேட்கக்கூடாது. முழுத்தொகைப் பிணையில் மாமாவும் சித்தப்பாவும் கையெழுத்து வைத்துவிட்டால், வேலை பிடிக்காதவரும் பயத்தில் கிடந்து இழுபடுவார். அவரால் பொதுமக்களுக்குத்தான் கஷ்டம்.

பயிற்சிச் செலவைத் தண்டப்பணத்தில் இருந்து எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 1959இல் பொலிஸ் பயிற்சிக்கான ஆணைக்குழுவை அமைத்த கலிபோர்னியா, தண்டத்தோடு சேர்த்து அறவிடும் மேலதிகக் காசில்தான் பயிற்சி நிதியை நிரப்பியது. தண்டம் குறைந்தால் பயிற்சியும் குறையும், தண்டம் கூடினால் அதை எழுதுகிற பொலிஸ்காரர் மேல் சந்தேகம் வரும். வெளிநாட்டு உதவியையும் நம்ப முடியாது. ஸ்கொட்லாந்துப் பொலிஸார் பல ஆண்டு இங்கே பயிற்சி தந்தார்கள். மனித உரிமை விமர்சனங்களுக்குப் பிறகு, 2022 மார்ச்சோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு உண்மையில் வேண்டியது மொழிப் பயிற்சி. அரச சேவையில் புதிதாகச் சேர்கிறவர் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை 2007இலேயே வந்துவிட்டது. புத்தகத் தமிழ் படித்து வந்தவருக்கும் முறைப்பாட்டு மேசையில் சிக்கல்தான். “பின்னேரம் ஒழுங்கைக்குள்ள மறிச்சவன், பிறகு எங்கட வளவுக்குள்ள பூந்தவன்” என்று ஒரு அம்மா சொல்லுவா. ‘மாலை’ படித்தவருக்குப் பின்னேரம் பிடிபடாது. வளவு என்றதும் சிங்களத்து ‘வளவ்வ’ ஞாபகம் வந்தால், அவருக்கு அது பிரபுவின் மாளிகை. வேலி போட்ட நாலு பரப்புக் காணி வாக்குமூலத்தில் மாளிகையாகிவிடும்.

இதற்குச் செலவு ஆசிரியரின் கொடுப்பனவு மட்டும் இல்லை. ஒரு நிலையத்தில் 10 பேரை நாளுக்கு 2 மணித்தியாலம் வகுப்பில் இருத்தினால் 20 மணித்தியாலக் கடமை விடுபடும். எட்டு மணித்தியாலக் கடமைக் கணக்கில் இரண்டரை ஆள். வாரம் ஐந்து நாள் நடத்தினாலும் 120 மணித்தியாலப் பாடத்துக்கு 12 வாரம் அந்த இடத்தை யாராவது நிரப்ப வேண்டும். அந்த இரண்டரை ஆளின் சம்பளத்தையும் திறைசேரி ஒதுக்காவிட்டால், நல்லூரில் கொடியேறுகிற அன்றே பத்துப் பேரும் வீதிக் கடமைக்குப் போவார்கள். 25 நாள் திருவிழா முடிந்து வந்து உட்காரும்போது பாடத்தை முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.