சொல்லாமல் விட்ட 50

"அத நீங்க சொல்லவே இல்லியேம்மா" என்று அவர் கேட்டதும் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாதவள் போலக் கொஞ்ச நேரம் பிரஷர் மெஷின் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரமும் சேர்ந்துதான் இன்றுவரை உறுத்துகிறது.

அவருக்கு 61 வயது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். பிரஷர் மாத்திரைக்காகப் பல வருடங்களாக என் கிளினிக்குக்கு வருகிறவர். போன அக்டோபரில் அவரை மகன் அழைத்து வந்தான், கையில் ஒரு லேப் நோட்டீஸோடு. மாஸ்டர் செக்கப், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமா என்று பார்க்கிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் சேர்த்து. பையனோடு வேலை செய்கிற ஒருவரின் அப்பா புராஸ்டேட் புற்றுநோயில் போய்விட்டாராம். இடுப்பு வலி என்று காட்டப் போனபோதே எலும்புக்குப் பரவியிருந்ததாம். "அப்பாவுக்கும் எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்" என்றான்.

நான் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. உட்காரச் சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், இருக்கட்டும் என்று விட்டேன். இந்தப் பரிசோதனையைக் கேட்டவுடன் எழுதிக் கொடுக்கிற டாக்டர் நான் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பி.எஸ்.ஏ. ஏறியிருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் ஏறும், கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும் என்று ஆரம்பித்தேன். புற்றுநோயே இருந்தாலும் அதில் பல வகை சாகும்வரை தொந்தரவு கொடுக்காமல் கிடக்கும். ஆனால் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைச் சும்மா விட்டுவைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் முடிவை ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும் என்றேன்.

மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு எண்களை எழுதினேன். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2018-ல் வெளியிட்ட கணக்கு அது. "நம்ம காசிமேட்டுல 55-லேர்ந்து 69 வயசு வரைக்கும் ஆயிரம் ஆம்பளைங்கள எடுத்துக்குங்க. பதிமூணு வருஷம் இந்த டெஸ்ட விட்டு விட்டு எடுத்துக்கிட்டே வந்தா 240 பேருக்கு ஏறியிருக்குன்னு வரும். சதை எடுத்துப் பாத்தா 100 பேருக்குப் புற்றுநோய். அதுல 80 பேர் ஆபரேஷனோ கதிர்வீச்சோ பண்ணிக்குவாங்க. 15 பேருக்குச் சிறுநீர் கசியற பிரச்சினை வந்து தங்கிடும். 3 பேருக்கு நோய் பரவாம தடுக்கலாம். ஒருத்தர் உயிர் தப்பலாம். அப்படியும் 5 பேர் இந்த நோயாலயே போயிடுவாங்க."

அந்தக் கணக்கில் 80-க்கும் 15-க்கும் நடுவில் இன்னொரு எண் இருக்கிறது. 50. சிகிச்சைக்குப் பிறகு விறைப்புத்தன்மை போய்விடுகிறவர்கள். பேனா அந்த இடத்துக்கு வந்தபோது பையனைப் பார்த்தேன். அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, நான் எழுதுவதைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தான். "இன்னும் சில தொந்தரவும் வரலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனேன்.

"முடிவு உங்களோடதுதான்" என்றேன். அவர் பையனைப் பார்த்தார். "அவன் ஆசப்படறான். பாத்துருவோம்மா."

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பி.எஸ்.ஏ. 6.8 என்று வந்தது, ஏறித்தான் இருந்தது. ஆறு வாரம் கழித்து எடுத்தபோது 7.1. ஸ்கேன், பயாப்ஸி. கிளீசன் 6, அதாவது வீரியம் குறைந்த வகை. இப்போதைக்குக் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம் என்று சிறுநீரக அறுவை நிபுணர் சொல்லியிருக்கிறார். நானும் சொன்னேன். பிரிட்டனில் இப்படிப் பரிசோதனையில் தெரிய வந்த 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று பிரித்து 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். எந்தப் பிரிவில் இருந்தாலும் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. "உள்ள கேன்சர வெச்சிகினு எப்டிம்மா தூங்குறது?" என்றார் அவர் மனைவி. மார்ச்சில் ஆபரேஷன்.

ஜூலையில்தான் தனியாக வந்தார். சிஸ்டர் மருந்து எடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்தார். கசிவு பரவாயில்லை, துணி வைப்பது நின்றுவிட்டது என்றார். ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முழுக்கப் போய்விட்டது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, படகெல்லாம் கரையில் நிற்கிற அந்த 61 நாள்தான் இன்ஜின் மெக்கானிக்குக்கு முக்கியமான சம்பாத்தியம். இவரால் இன்ஜின் குழிக்குள் குனிய முடியவில்லை. அதைக்கூட சாதாரணமாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

"பையன் பக்கத்துல இருந்தாரே, அதான்..." என்றேன்.

"வெளிய போடான்னு நானே சொல்லிருப்பேம்மா. இன்னாத்துக்குச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாதே."

கோபமே இல்லாமல் சொன்னார். இப்போது மொட்டைமாடியில் படுக்கிறாராம். ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன, சிலருக்குத் திரும்பி வர ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம், மாத்திரை இருக்கிறது, வேறு வழிகளும் இருக்கின்றன என்று சொல்லி, அதே நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போய்ப் பார்த்தாரா என்று தெரியாது.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நான் பேசியது ஒரு ரத்தப் பரிசோதனையைப் பற்றி. ஆபரேஷனுக்கு முன் எல்லாவற்றையும் விளக்க வேண்டியது ஆபரேஷன் செய்கிறவர்கள். அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் அது கட்டாயம் இருந்திருக்கும், இங்கிலீஷில். அதோடு, அதைச் சொல்லியிருந்தாலும் அவர் இதே முடிவைத்தான் எடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. அன்று அவர் பார்த்தது என் எண்களை இல்லை, மகனின் முகத்தை.

ஆனால் இந்தச் சமாதானம் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. ரத்தம் எடுத்துவிட்டால் அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் இப்போதே யோசியுங்கள் என்று அவரை உட்கார வைத்தவளே நான்தான். அப்படியிருக்க, அது என் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வது?

பையன்தான் காரணமா என்பதும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. பெண் டாக்டர், வயதில் மூத்த ஆண், கூச்சம் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். கூச்சமாக இருந்தால் எனக்கு அது நினைவில் இருந்திருக்கும். தொண்டை அடைத்திருக்கும், வார்த்தை தேடியிருப்பேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. சுலபமாகத் தாண்டிப் போனேன். 61 வயது, பேரப்பிள்ளை எடுத்தவர், இனிமேல் அது அவருக்கு எதற்கு என்று எனக்குள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவர் வாழ்க்கையில் எது முக்கியம் என்பதை நான் தீர்மானித்துவிட்டு, அப்புறம் "முடிவு உங்களோடது" என்றிருக்கிறேன். இதைவிட, கேட்டவுடன் ஒரு வார்த்தை பேசாமல் டெஸ்ட்டை எழுதிக் கொடுத்திருந்தால்கூடக் கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்குமோ என்று சில ராத்திரிகளில் தோன்றும். காலையில் அது சரியாகப் படாது.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். யார் கூட வந்திருந்தாலும் இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்கிறேன். 50-ஐ முதலில் சொல்கிறேன், கசிவுக்கும் முன்னால்.

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார், 58 வயது. அண்ணன் இதே நோயில் இறந்தவர். அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. என் ஆயிரம் பேர் கணக்கை இவருக்கு அப்படியே சொல்லக் கூடாது. மனைவியை வெளியே அனுப்பிவிட்டு எல்லாம் சொன்னேன், உங்களுக்குக் கணக்கு வேறு என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆனால் 50-க்குப் பிறகு அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "அப்டின்னா வேணாம்மா" என்று எழுந்துவிட்டார். வெளியே போனதும் அவர் மனைவி திரும்ப உள்ளே வந்து, "இன்னா சொன்னீங்க அவருகிட்ட? டெஸ்டு எடுக்கத்தானே கூட்டினு வந்தேன்" என்று கேட்டார். அவர் அனுமதி இல்லாமல் நான் சொல்ல முடியாது என்றேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் அண்ணன் செத்த வீடு தெரிந்தது. அவர் இன்னும் திரும்பி வரவில்லை. ஒரு ஆள் கேட்ட கேள்விக்கான பதிலை இன்னொரு ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டேனோ?

போன வாரம் காசிமேட்டுக்காரரை மகன் மறுபடியும் அழைத்து வந்தான். புது ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. பையன் மேஜையில் ஸ்வீட் பாக்ஸை வைத்தான். "அன்னிக்கு நீங்க அவ்ளோ பொறுமையா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னதாலதான் டாக்டர் அப்பா இன்னிக்கு இருக்காரு." அப்பா எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்று, குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் எடையைக் குறித்துக்கொண்ட பிறகும் இறங்கவில்லை.

நான் பையனிடம் "சந்தோஷம்பா" என்றேன். பிரஷர் மாத்திரையை இன்னும் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.