சத்தியம் செய்யச் சொன்ன மாணவன்

"நான் சொல்றத அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சார், அப்பத்தான் சொல்லுவேன்" என்று அவன் கேட்டபோது நான் தந்த பதில் முறையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பதிலைக் கேட்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் மனம் அமைதி இழந்துவிடுகிறது.

நான் சொன்னது இதுதான்: "உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உனக்குக் கெடுதல் பண்றாங்கன்னாலோ நான் சொல்லித்தான் ஆகணும் தம்பி. மத்த எதையும் வெளியே விட மாட்டேன்." பெஞ்சு விளிம்பில் பெயர்ந்து நின்ற மரச்சிம்பை நகத்தால் உரித்துக்கொண்டே சற்று நேரம் நின்றான். பிறகு "அப்ப ஒண்ணுமில்ல சார்" என்று பையை எடுத்தான். "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று ஆசிரியர்கள் பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதில்லை, அடக்கி வைத்திருப்பவர் பேசுவதற்கு அதுவே வழியாக அமையலாம் என்பதுதான் மனநல மருத்துவர்கள் சொல்வது. அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவன் தந்தை விசைப்படகில் கூலிக்குப் போனவர். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றதில், அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். காவல் நீட்டிப்புச் செய்தி வரும் நாளில் எந்தெந்தப் பிள்ளைகள் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது நம் கடற்கரைப் பள்ளிகளில் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். அவன் துயரத்தையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் தந்தை பிடிபடுவதற்கு முன்பே அவன் மற்ற பையன்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். நன்றாக வரைந்துகொண்டிருந்த தாவரவியல் பதிவேட்டில் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. எனவே அவன் சொல்ல வந்தது தந்தையைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சத்தியம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது பாலியல் கொடுமையாக இருந்திருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். உயிரைப் பற்றியதாக இருந்திருந்தால் சொல்லாமல் இருக்க என் மனசாட்சி இடம்கொடுக்காது. ஆக, செய்யும்போதே மீறுவேன் என்று தெரிந்த சத்தியத்தை, ஏற்கெனவே பெரியவர்களை நம்பாத ஒரு பிள்ளைக்குச் செய்வது எப்படித் தகும்? இந்த இடம்வரை என் வாதம் உறுதியாகவே நிற்கிறது. அதற்குப் பிறகு நான் செய்ததில்தான் தடுமாறுகிறேன்.

ஆண்டுத் தேர்வு முடியும் தறுவாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதனுள்ளேயே வந்துவிடும். வருமானம் இல்லாத அந்த நாட்களில், எந்த ஆசிரியரின் கண்ணிலும் படாமல் அவன் வீட்டில் கிடப்பான். 14416, 104 ஆகிய உதவி எண்களை எழுதித் தந்தேன். 14416 என்பது டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, அதில் தமிழிலேயே பேசலாம் என்றும் சொன்னேன். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. யாழ்ப்பாணத்திலிருந்து தகவல் வருமென்று தாய் அதைக் கையைவிட்டு இறக்குவதில்லை. அம்மாவுக்குத் தெரியக் கூடாத ஒன்றை அம்மாவின் போனில் எப்படிப் பேசுவான்?

அதனால் தாயைப் பார்க்கப் போனேன். கடற்பாசி எடுத்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தார். விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். பாறையில் கிழிபட்ட விரல்நுனிகள் உப்புநீரில் ஊறி வெளுத்திருந்தன. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒருமுறை காட்டலாம் என்று நான் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது. "ஏர்வாடிக்கா சார் கொண்டுபோகச் சொல்றீங்க? எம்புள்ள என்ன கிறுக்கனா?"

இந்தக் கேள்வியை இந்த மாவட்டத்தில் யாரும் குறைசொல்ல முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றி 28 உயிர்கள் போயின. அதன்பின் 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது, சங்கிலியிடுவது தடைசெய்யப்பட்டது. ஆயினும் மனநலம் என்றாலே இங்கு அந்த ஊர்ப்பெயர்தான் முன்னால் வந்து நிற்கிறது. வெளிநோயாளியாகப் போய் மருத்துவரிடம் பேசிவிட்டு அன்றே திரும்பிவிடலாம் என்று விளக்க வெகுநேரம் பிடித்தது. கடைசியில், அக்கம்பக்கத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மகனை இராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனார். அவர் போனதே பெரிது.

அவன் சொன்ன எதையும் நான் தாயிடம் சொல்லவில்லை; அவன்தான் எதையும் சொல்லவில்லையே. சாப்பிடாததையும் வெற்றுப் பக்கங்களையும், கண்ணால் கண்டதை மட்டுமே சொன்னேன். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவன் பக்கத்திலிருந்து பார்த்தால், அம்மாவிடம் போகாதீர்கள் என்று கேட்டவனை விட்டுவிட்டு நேரே அம்மாவிடம் போன ஆள் நான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பாடம் தவிர வேறெதுவும் பேசவில்லை.

நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படி ஒருவர் இருந்திருந்தாலும் சத்தியம் செய்திருக்க மாட்டார். ஆனால் எதைச் சொன்னால் வெளியே போகும், எதைச் சொன்னால் போகாது என்பதை அவர் முதல் சந்திப்பிலேயே, பிள்ளை எதையும் சொல்லத் தொடங்குமுன் சொல்லியிருப்பார். என் வாயிலிருந்து அது வந்த நேரத்தில், அவன் நெஞ்சில் இருந்தது தொண்டைவரை வந்துவிட்டது. அதனால் இந்த ஆண்டு ஜூன் மாதமே வகுப்பு முழுவதற்கும் அதைச் சொல்லிவைத்தேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. வந்து சொல்லியிருக்கக்கூடிய ஒரு பிள்ளையை அந்த அறிவிப்பே தடுத்திருந்தால், அப்படி ஒருவர் இருந்தார் என்பதுகூட எனக்குத் தெரியப்போவதில்லை.

அவன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான். தமிழாசிரியையிடம் மதிய வேளையில் போய்ப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அவரிடமும் சத்தியம் கேட்டானா, அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரிந்துகொள்ள மனம் துடிக்கிறது. ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த நாற்காலியில்தான் அவர் உட்காருகிறார், நான் கேட்கவில்லை.