தமிழ்த் தளத்தை ஸ்கிரீன் ரீடருக்கு ஏற்றதாக்கிய அனுபவம்: பழைய ஃபான்ட் படுத்திய பாடு

கல்வி உதவித்தொகை தரும் ஒரு அறக்கட்டளையின் தளத்தை, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் மூலம் பார்வையற்ற மாணவர்களும் பயன்படுத்தும்படி மாற்றித் தரும் வேலை எனக்கு வந்தது. படங்களை எழுத்தில் விளக்கும் ஆல்ட் டெக்ஸ்ட், தலைப்புகளின் வரிசை, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 கான்ட்ராஸ்ட் எல்லாம் தகராறில்லாமல் முடிந்தன. தளங்களைச் சோதிக்கும் லைட்ஹவுஸ் என்ற கருவியில், எல்லோரும் அணுகும் வசதிக்கு, அதாவது அக்சஸிபிலிட்டிக்கு, நூற்றுக்கு 100 வந்தது. "அப்புறம் என்ன, பில் போடுங்க" என்றார்கள் அலுவலகத்தில்.

பார்வையற்ற ஆசிரியர் ஒருவரிடம் காட்டாமல் முடிக்க மாட்டேன் என்று நின்றேன். அவர் தன் லேப்டாப்பில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு அறிவிப்புகள் பக்கத்துக்குப் போனார். "என்ன தம்பி, எம் கே, கே ஹெச்னு ஸ்பெல்லிங் சொல்லிக்கிட்டு இருக்கு?"

பழைய அறிவிப்புகள் அத்தனையும் பாமினி என்ற பழைய ஃபான்டில் இருந்தன. நாம் 'அம்மா' என்று படிப்பது அதற்குள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். ஃபான்ட்தான் தமிழ் உருவம் காட்டுகிறது. ஸ்கிரீன் ரீடருக்கு உருவம் தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். லைட்ஹவுஸுக்கும் இது பிடிபடாது. அதனால் 100 என்ற எண்ணை நம்பி யாரும் வேலையை முடித்துவிடாதீர்கள்.

மூலக் கோப்பு கிடைக்குமா என்று அறிவிப்புகளை அடித்துக் கொடுத்த டிடிபி கடைக்குப் போனேன். பேஜ்மேக்கர் கோப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க் எப்போதோ போய்விட்டதாம். "பிரிண்ட்ல சுத்தமாத்தானே சார் இருக்கு, இதுல என்ன குறை?" என்று கேட்டார் கடைக்காரர். அத்தனை தூரம் வெயிலில் அலைந்தது வீண்.

பிறகு பக்கம் பக்கமாக எடுத்து, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றினேன். இதில் ஒன்றைக் கவனியுங்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவி, நடுவில் வரும் மின்னஞ்சல் முகவரியையும் தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும். முகவரிகளை முதலில் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, 'கௌரவச் செயலாளர்' பல இடங்களில் 'கெளரவச் செயலாளர்' என்று கிடந்தார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் தனித்தனியாக இருப்பதால் 'கெ-ள-ர-வ' என்றே வாசிக்கும். தேடினாலும் சிக்காது. பக்கத்தின் மொழியைச் சொல்லும் எச்டிஎம்எல் டேகில் ஆங்கிலம் என்றிருந்ததையும், தமிழுக்கான குறியீடான 'டிஏ' என்று மாற்றிய பிறகே என்விடிஏ தானாகத் தமிழ்க் குரலுக்கு வந்தது.

இதற்கிடையில் ஒருவர் வந்து, ஒரே ஒரு வரி ஸ்கிரிப்ட் போட்டால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று அலுவலகத்தை மயக்கிவிட்டார். அப்படிச் சொல்லி விற்ற ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டும்படி 2025இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் உத்தரவிட்டிருந்தது. அந்தச் செய்தியைக் காட்டிய பிறகுதான் ஓய்ந்தார்கள். அந்த ஸ்கிரிப்டால் ஓரத்தில் ஒரு பட்டன் வந்து உட்கார்ந்தால் பாமினி தமிழாகிவிடுமா என்ன?

பெரிய சண்டை விண்ணப்பப் படிவத்தில்தான். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ச்சா. அதை எடுத்தால் போலி விண்ணப்பங்கள் குவியும் என்று மேலாளர் அசையவே இல்லை. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அறங்காவலரிடம் நேரில் சொன்னேன். ஓடிபி வைக்க அவர் ஒப்புக்கொண்டார். மவுஸால் மட்டுமே திறந்த பிறந்த தேதி காலண்டரைத் தூக்கிவிட்டு, தேதியை நேரடியாக அடிக்கும் பெட்டி வைத்தேன். தவறு வந்தால் பெட்டி சிவப்பாவது மட்டும் போதாது. என்ன தவறு என்று எழுத்திலும் வர வேண்டும்.

கடைசியில் அந்த ஆசிரியர் படிவத்தைத் திறந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், பதிவு எண் வரும் வரை தானே நிரப்பினார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப்கள் இன்னும் பாக்கி. படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டு, பிழை திருத்தி, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். புது அறிவிப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏற்றுவதில்லை, வேர்டு கோப்பு கேட்கிறேன். சீலும் கையெழுத்தும் தெரிய வேண்டும் என்றால் அந்த ஸ்கேனைக் கீழே தனியாக இணைத்துவிடுகிறேன்.