இரண்டு வரிக்குள் ரிமினி

சப்டைட்டில் எழுதத் தொடங்கி ஒன்பதாவது வருடம் 'அமர்கார்ட்' என் கைக்கு வந்தது. எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் மூன்று நாள் இத்தாலியப் படங்கள் போட ஏற்பாடு. அதில் ஒரு படத்துக்காவது தமிழில் எழுத்து ஓடவேண்டும் என்று அங்கே மூத்தவரான அண்ணன் ஒருவர் பிடிவாதமாக இருந்தார். அதுவரை நான் செய்ததெல்லாம் பெரும்பாலும் ஆவணப்படங்களும் பயிற்சி வீடியோக்களும்தான். அவற்றில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறப்பார். இந்தப் படத்திலோ சாப்பாட்டு மேசையைச் சுற்றி, தித்தா என்ற பையனின் குடும்பமே ஒரே நேரத்தில் கத்துகிறது. அப்பா தட்டை விட்டு எழுந்து ஆடுகிறார், அம்மா விஷம் வைத்துவிடுவேன் என்கிறாள், தாத்தா தன் போக்கில் இருக்கிறார். எனக்குக் கிடைப்பதோ திரையின் அடியில் இரண்டு வரி.

தலைப்பிலேயே ஒரு நாள் போனது. 'அமர்கார்ட்' என்பது, இத்தாலியின் கடலோர ஊரான ரிமினி இருக்கும் ரொமான்யா பகுதிப் பேச்சு. 'எனக்கு நினைவிருக்கு' என்பதை அந்த ஊர்க்காரர்கள் வாயில் எப்படி வருமோ அப்படியே ஒட்டி ஒற்றைச் சொல்லாக்கிப் படத்துக்குப் பேராக வைத்துவிட்டார் இயக்குநர் ஃபெலினி. 'ஞாபகம் வருதே' என்று போட்டால் நம் ஆட்கள் காதில் உடனே ஒரு பாட்டு ஓடத் தொடங்கிவிடும், அப்புறம் ரிமினி வராது. பேரை அப்படியே விட்டு, கீழே சின்ன எழுத்தில் 'எனக்கு நினைவிருக்கு' என்று மட்டும் போட்டேன்.

1973-ல் வந்த படம். 1920-ல் ரிமினியில் பிறந்த ஃபெலினியும், அதே வருடம் பக்கத்திலேயே சாந்தார்காஞ்செலோவில் பிறந்த டோனினோ குவெர்ராவும் சேர்ந்து எழுதினார்கள். குவெர்ரா அந்த வட்டாரப் பேச்சிலேயே கவிதை எழுதியவர். அதனால் இந்த வசனங்களை வெறும் இத்தாலியன் என்று எடுத்துக்கொண்டால் பாதி போய்விடும். இத்தாலியன் தெரிந்த தோழி ஒருத்தி மாலைகளில் கூட உட்கார்ந்து, எது ஊர்ப்பேச்சு, எது பள்ளிக்கூடப் பேச்சு, எது முசோலினி காலத்து மேடைப்பேச்சு என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

அண்ணனுக்கு ஒரு யோசனை இருந்தது.

"தம்பி, எல்லாத்தையும் நம்ம ஊர் பாஷையிலயே போட்டுட்டா என்ன? சனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"சிரிப்பாங்கண்ணா. ஆனா நம்ம ஊரைப் பார்த்துச் சிரிப்பாங்க. தித்தாவோட ஊர் காணாமப் போயிடும்."

அவர் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. நான் இன்றைக்கும் அதே பக்கம்தான். பேச்சுத் தமிழ் வேண்டும், ஆனால் அது எந்த மாவட்டத்தையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. படத்தின் முதல் காட்சியில் ஊர் முழுக்கப் பஞ்சு பறக்கிறது. குளிர்காலம் முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதை 'மனினே', குட்டிக் கைகள், என்கிறார்கள். என் விரல் தானாகவே 'தாத்தாப் பூச்சி' என்று தட்டிவிட்டது. காற்றில் மிதந்து வரும் எருக்கம் பஞ்சைத் துரத்தி வளர்ந்த யாருக்கும் அதுதான் வரும். அழகான சொல், அழிக்க மனசே இல்லை. ஆனால் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அது பூச்சி இல்லை, கை. 'குட்டிக் கைகள்' என்று மாற்றினேன்.

தொழில் சார்ந்த ஒரு சிக்கலும் இருந்தது. எந்த வரி எப்போது வந்து எப்போது மறையவேண்டும் என்று நேரக் குறியீடு போடும்போது உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். முதல் ரீலிலேயே எல்லாம் முன்னே பின்னே ஓடியது. பிறகுதான் புரிந்தது. அந்தக் கால இத்தாலியப் படங்களில் குரல் பின்னால் சேர்ப்பதுதான் வழக்கம். ஃபெலினி இன்னும் ஒரு படி மேலே போய், படப்பிடிப்பில் சில நடிகர்களை வசனத்துக்குப் பதில் எண்களைச் சொல்லச் சொல்வாராம். அம்மாவாக நடித்த புபெல்லா மாஜோ நேப்பிள்ஸ்காரர். மரத்தின் மேல் ஏறிக்கொண்டு பெண் வேண்டும் என்று கத்தும் சித்தப்பாவாக வரும் சீச்சோ இங்கிராசியா சிசிலிக்காரர். ஊரே அசல் இல்லை. தெருக்களை ரோமில் சினெச்சித்தா ஸ்டுடியோவில் கட்டினார்கள். ரெக்ஸ் கப்பலைப் பார்க்க ஊர்மக்கள் படகில் போகும் கடல் பிளாஸ்டிக் விரிப்பு. பிறந்த ஊரைப் பற்றிய படத்தை அந்த ஊரிலேயே எடுக்காதது எனக்குக் குறையாகப் படவில்லை. நினைவில் இருக்கும் ஊருக்கு ரயில் ஏறிப் போகமுடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதிக நாள் எடுத்தது ஒரே ஒரு சொல்தான். தித்தாவின் அப்பா அவுரேலியோ கட்டட மேஸ்திரி, பாசிஸ்டுகளைப் பிடிக்காதவர். முசோலினி ஆட்கள் ஊருக்கு வந்த நாள் ராத்திரி, தேவாலய மணிக்கூண்டிலிருந்து கிராமபோனில் கம்யூனிஸ்டுகளின் பாட்டு ஒலிக்கிறது. கிராமபோனைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அப்புறம் அவுரேலியோவைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு கோப்பையை நீட்டிக் குடிக்கச் சொல்கிறார்கள். அது விளக்கெண்ணெய். எதிரிகளுக்கு அதை வலுக்கட்டாயமாகப் புகட்டி, வயிறு கழன்று தெருவில் அசிங்கப்படும்படி அனுப்புவது பாசிஸ்டுகள் நிஜமாகவே செய்த சித்திரவதை.

முதலில் 'ஆமணக்கு எண்ணெய்' என்று எழுதினேன். தமிழில் 'விளக்கெண்ணெய்' என்றால் மந்தமான ஆளைத் திட்டும் சொல்லும்கூட. அரங்கில் சிரிப்பு எழும், காட்சி கெட்டுவிடும் என்று பயம். ஆனால் 'ஆமணக்கு எண்ணெய்' என்று படித்தால் யாருக்கும் வயிறு கலங்காது. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அந்தக் கொழகொழப்பும் வாடையும் நாக்கில் வரவேண்டும். கடைசி நாளில் 'விளக்கெண்ணெய்' என்றே மாற்றினேன்.

நான் பயந்தபடியே சிரித்தார்கள். பின்வரிசையில் நாலைந்து பேர், சத்தமாக. அடுத்து அவுரேலியோ வீடு வந்து சேர்கிறார். நாள் முழுக்க அவரோடு மல்லுக்கு நிற்கும் மனைவி மிராண்டா, அவரைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறாள். அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் படம் நம்மை நடத்துவதே இப்படித்தான். சிரிக்கவும் துடிக்கவும் ஒரே சொல்லைத்தான் கொடுக்கிறது. அந்தச் சொல்லைக் கழுவி மரியாதையாக வைக்க எனக்கு உரிமை இல்லை.

மூடுபனிக் காட்சியில் எதிர்ப்பக்கம் கற்றுக்கொண்டேன். தாத்தா வீட்டு வாசலைத் தாண்டுகிறார், பனியில் ஒன்றும் தெரியவில்லை. சாவு இப்படித்தான் இருக்குமென்றால் அது ஒன்றும் நன்றாக இல்லையே என்று முணுமுணுக்கிறார். ஆள் இல்லை, மரம் இல்லை, பறவை இல்லை, ஒயின் இல்லை. 'எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை' என்றெல்லாம் நான் நீட்டி எழுதியிருந்தேன். தமிழில் வினைச்சொல் ஒன்றே பாதி வரியை அடைத்துக்கொள்ளும். வெட்டி வெட்டி 'மரமும் இல்ல' என்று நிறுத்தியபோதுதான் அந்த வெள்ளை திரையில் தெரிந்தது. எழுத்து குறையக் குறையப் பனி கூடியது. வண்டிக்காரன் ஒருவன் வந்து, நீ உன் வீட்டு முன்னாலேயேதான் நிற்கிறாய் என்று சொல்கிறான்.

முடிவில் அம்மா இல்லை. மறுபடியும் பஞ்சு பறக்கிறது. ஊரே ஆசைப்பட்ட கிராதிஸ்காவுக்குக் கடற்கரையில் கல்யாணம், மாப்பிள்ளை போலீஸ்காரர். அவள் வண்டியில் போய்விடுகிறாள், விருந்தாளிகள் கலைகிறார்கள், நினோ ரோட்டாவின் இசை. அப்போது தூரத்தில் யாரோ தித்தா எங்கே என்று கேட்கிறார்கள். அவன் எப்போதோ போய்விட்டான் என்று பதில் வருகிறது. கேமரா அவர்கள் பக்கம் திரும்புவதுகூட இல்லை. கவனிக்காமல் விட்டால் அந்தப் படமே வேறு.

'தித்தா எங்கே?' 'அவன் எப்பவோ போயிட்டானே.'

விதிப்படி அந்த வரிக்கு இரண்டு நொடி போதும். நான் மூன்றரை நொடி கொடுத்தேன். ஒத்திகையில் அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். "இது கொஞ்சம் நேரம் நிக்குதே தம்பி" என்றார்.

"நிக்கட்டும்ணா."

அவர் குறிப்பேட்டை மூடிவைத்தார்.