ஓபலும் என் சோம்பேறித்தனமும்

அரியாங்குப்பம் வீட்டு மாடியில உக்காந்து நேத்து ஓபல்ங்கற நிறம் நிறமா மின்னுற நகைக்கல் ஒண்ணை, நல்லா இருந்ததை, தேய்க்கப் போயி நாசம் பண்ணிட்டேன். அகேட்ங்கற கெட்டிக் கல்லுக்கு போட்டிருந்த 220 கிரிட் (கொரகொரப்பு எண், எண் கம்மின்னா கொரகொரப்பு ஜாஸ்தி) டைமண்ட் சக்கரத்தை மாத்த சோம்பேறித்தனம், அப்டியே வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன், பச்சையும் செவப்புமா மின்னிட்டிருந்த ஓரம் பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. கல்லோட கடினத்தை 1லேர்ந்து 10 வரை சொல்ற மோஸ் அளவுல அகேட் 7 கிட்ட, ஓபல் 6 பக்கம்தான், பத்தாததுக்கு உள்ள தண்ணி வேற இருக்கு, சூடானா விரிசல் விட்டுடும்.

இன்னைக்கு ஒழுங்கா 600ல ஆரம்பிச்சு 1200, 3000னு போயி, தண்ணி நிக்காம விட்டு, கடைசியா ஃபெல்ட் துணியில சீரியம் ஆக்ஸைடுங்கற பாலிஷ் பொடியை மோர் மாதிரி கரைச்சு தேய்ச்சேன். கோடு போச்சான்னு கல்லை தொடச்சு காயவிட்டுதான் பாக்கணும், ஈரத்துல எல்லா கல்லும் பளபளன்னு பொய் சொல்லும்.

இங்க பக்கத்துல அரிக்கமேட்டுல 2000 வருஷம் முன்னாடியே கல்மணி தேய்ச்சிருக்காங்க, கரண்ட் இல்லாம எப்படித்தான் பண்ணாங்களோ! மிச்ச துண்டுல ஒத்தைக் கம்மலுக்கு தேறும், ஜோடிக்கு இன்னொண்ணு தேடணும்.