மூன்று பேர், ஒரு சாக்ஸஃபோன்

போன வாரம் முழுக்க ஒரே பாட்டுதான் கேட்டேன். டேஸ்ட் என்ற ராக் இசைக்குழுவின் 'ஆன் தி போர்ட்ஸ்'. ஆறு நிமிடம். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் கிட்டார் ஒதுங்கி வழிவிட, ஆல்டோ சாக்ஸஃபோன் நுழையும். இரண்டையும் வாசித்தவர் ஒரே ஆள், ரோரி கல்லஹர். அப்போது அவருக்கு 21 வயது.

1966இல் அயர்லாந்தின் கார்க் நகரில் ரோரி தொடங்கிய குழு இது. அந்தக் காலத்தில் அங்கே இசைக்காரர் பிழைக்க வேண்டுமென்றால் ஷோபேண்ட் என்ற நடன இசைக்குழுக்களில் சேர வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஊரே பாடும் ஹிட் பாட்டுகள், நடன அரங்குகள். ரோரியும் பள்ளிப் பையனாக அங்கே வாசித்தவர்தான். 1963இல் 100 பவுண்டுக்குத் தவணையில் ஒரு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். அதன் முதல் சொந்தக்காரர் கேட்டிருந்தது சிவப்புக் கிட்டார், கைக்கு வந்தது வேறு நிறம். சிவப்பு வந்ததும் இதைத் தள்ளிவிட்டார். ரோரி சாகும்வரை அதை விடவில்லை.

1968இல் ஆட்கள் மாறினார்கள். பெல்ஃபாஸ்டிலிருந்து பேஸ் கிட்டாருக்கு ரிச்சர்ட் மெக்கிராக்கன், டிரம்ஸுக்கு ஜான் வில்சன். எனக்கு டேஸ்ட் என்றால் இந்த மூவர்தான். அதே நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிரீம் என்ற ராக் குழு விடைபெற்ற கச்சேரியில், அவர்களுக்கு முன்னால் வாசித்தார்கள். மறு வருடம் பிளைண்ட் ஃபெய்த் குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம்.

ஸ்டுடியோ ஆல்பம் மொத்தமே இரண்டு. முதலாவதில் முரட்டு ப்ளூஸ். 1970இல் வந்த இரண்டாவதில்தான் 'ஆன் தி போர்ட்ஸ்' இருக்கிறது; அதில் ஜாஸ் கலந்துவிட்டது. வில்சனின் டிரம்ஸைக் கவனியுங்கள். தாளம் பிடிப்பதோடு நிற்காமல், ரோரி ஒன்று சொன்னால் அவர் பதில் சொல்கிறார். அந்தப் பேச்சுக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவு இசைத் திருவிழாவில் வாசித்ததைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். மேடையில் அப்படி ஒரு ஒற்றுமை. ஆனால் உள்ளே பணம், நிர்வாகம் என்று எல்லாம் முறிந்துகொண்டிருந்தது. டிசம்பர் 31, பெல்ஃபாஸ்டில் கடைசிக் கச்சேரி. அவ்வளவுதான்.

1971இல் ரோரி தன் பெயரில் போட்ட முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் சாக்ஸஃபோன் மறுபடி வருகிறது. அருமையான பாட்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் காது அங்கே வில்சனின் பதிலைத் தேடுகிறது.